மருமவன் மடக்கின கண்ணாடி

பேத்திக்குத் தாய்மாமன் மடியில காது குத்தணும். என் மவன் வர்றதுக்குள்ள எவனோ தோஸ்து மடியில உக்கார வச்சுக் குத்திட்டாரு மருமவன். அன்னிலேர்ந்து அவராண்ட நான் பேசறதில்ல.

இன்னிக்கு பஸ் வரல. அவரு பைக்குல பின்னால உக்காந்து திருவொற்றியூர் வந்தேன்.

எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரிங்க நடுவுல நுழையறதுக்கு பைக்கோட ரெண்டு பக்கக் கண்ணாடியையும் உள்ள மடக்கினாரு. வெளிய வந்தும் திருப்பல. சொல்ல எனக்கு வாய் வரல.

பின்னால ஒரு ட்ரெய்லர் வேகமா வருது. இவரு பாக்காம வலது பக்கம் வளைக்கிறாரு.

"மாப்ள, வளைக்காத! பின்னால லாரி!"

இடது பக்கம் ஒடிச்சாரு. லாரி போன காத்துல என் முந்தானை பறந்துச்சு.

ஓரமா நிறுத்தி, கண்ணாடிய திருப்பினாரு. அதுல என்னைப் பாத்து, "அத்த, பேசிட்டீங்களே!"

"உங்ககிட்ட இல்ல. என் பொண்ணு தாலிக்குப் பேசினேன்."

இத பேசினதா எடுத்துக்கலாமா? நீங்களே சொல்லுங்க. காதுகுத்து விஷயம் அப்படியேதான் கீது.