செர்ரிப் பூ பார்க்க நான் சேர்த்துக்கொண்ட ஆள்

என்னைப் போல ஒரு மடையனை ஆரணி பார்த்திருக்காது. எண்பதுகளில் ஒரு நாள் சென்னைப் பட்டு வியாபாரி ஒருவர் வந்தார். பங்குனியில் ஜப்பானில் கண்காட்சியாம். தறி போட்டு நெய்து காட்ட இரண்டு பேர் வேண்டுமாம். அப்போது அங்கே செர்ரிப் பூ பூத்துக் குலுங்கும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவையை ஒருவரால் நெய்ய முடியாது. ஒரு கரைக்கு நானும் மறு கரைக்கு என் மனைவி கற்பகமும் பதினாறு வருடமாக ஊடிழை ஓட்டும் நாடா போட்டு வந்தோம். ஆனால் விண்ணப்பத்தில், 'உடன் நெய்பவர்' என்ற இடத்தில் நண்பன் ஏகாம்பரத்தின் பெயரை எழுதினேன். அவன் அரிசி மில் ஆள். எந்த மரத்தடியில் நின்று படம் எடுப்பது என்பதுவரை டீக்கடையில் திட்டம் போட்டோம். கம்பளிச் சட்டை வாங்கி, ஆரணி வெயிலில் போட்டுப் பார்த்து மயங்கி விழப் பார்த்தேன்.

ஏகாம்பரத்தின் மனைவி, தன் கணவன் ஜப்பான் போவதாகக் குழாயடியில் பெருமை அடித்துவிட்டாள். கற்பகம் குடத்தை இறக்கிவிட்டு வந்து தறியருகே நின்றாள். உட்காரவில்லை.

"அவரு எந்தத் தறியில நாடா போட்டுகினு இருந்தாரு?"

"பூ பத்து நாள்தான் இருக்குமாம். ஜல்தியா போய்ட்டு வந்துடறோம்."

"பக்கத்துல உக்காந்துகினு இருக்கறவ தெரியல, ஜப்பான் பூ மட்டும் தெரியுதா?"

வழக்கம்போல ஒரு ஜோக் சொன்னேன். அது எடுபடவில்லை. நாடாவைக் கையில் எடுத்தேன். மறு கரைக்கு ஆள் இல்லாமல் ஓர் இழைகூட நகரவில்லை. நெசவாளி என்று சொல்லித் திரிந்த நான் பாதி நெசவாளிதான் என்று அப்போதுதான் உறைத்தது.

"விண்ணப்பம் இன்னும் போகல. அவன் பேரை அடிச்சிட்டு உன் பேரை எழுதிடறேன்" என்றேன்.

"அப்படியே உங்க பேரையும் அடிச்சிடுங்க. மறு கரைக்கு ஆளை நான் பாத்துக்கறேன்."