செல்வி கொடுத்த ஈரலும் என் கிட்னியும்

சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவனிடம் தலையை ஆட்டாதே என்று சொல்லலாம், வாயை ஆட்டாதே என்று சொல்ல முடியாது. பெங்களூர் ஈஜிபுராவில் கடை போட்ட நாளிலிருந்து பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். மஞ்சள்காமாலை முற்றி என் ஈரல் கெட்டுப்போனபோது, என் மனைவி செல்வி தன் ஈரலில் பாதியை அறுத்துக் கொடுத்தாள். பிழைத்தேன். அடுத்த வருஷமே கிட்னி மக்கர் செய்தது. வைத்த ஈரலை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க நான் தினமும் விழுங்கும் மாத்திரையே கிட்னியைக் கெடுக்கிறதாம். கூட்டினால் கிட்னிக்கு ஆபத்து, குறைத்தால் ஈரலுக்கு ஆபத்து. இதில் மாட்டினவர்களுக்கு என் எரிச்சல் புரியும்.

குடிகாரப் பட்டம்

என் வாயில் ஒரு சொட்டு சாராயம் பட்டதில்லை. ஈரல் போனது என்றாலே குடிதான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. மாதாமாதம் வரும் பஸ் கண்டக்டர் ஒருவர். காமாலை என்று பலமுறை அவரிடம் சொல்லியாகிவிட்டது. கிட்னி விஷயம் காதில் விழுந்ததும், கழுத்தில் என் கத்தி இருக்கிறது என்ற பயம்கூட இல்லாமல் கேட்டார்: "லிவர்தான் போச்சுன்னா, இப்ப கிட்னியுமா? சோடா கலக்காமலே அடிச்சியா குருவே?"

வீக்கம்

நின்று செய்கிற வேலை. சாயங்காலத்துக்குள் கால் வீங்கிச் செருப்பில் நுழையாது. காலையில் எழுந்தால் கண்ணே திறக்காத அளவுக்கு முகம் உப்பியிருக்கும். நீர் இறங்கவில்லையே என்று நானும் செல்வியும் பயந்துகொண்டிருக்கிறோம். கட்டட மேஸ்திரி ஒருவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்: "ஆபரேஷனுக்கு அப்புறம்தான்யா உனக்குக் களையே வந்திருக்கு. கன்னம் பூரி மாதிரி இருக்கு பாரு."

வலி மாத்திரை

பக்கத்து மருந்துக்கடை ரமேஷுக்கு என் கதை முழுக்கத் தெரியும். இடுப்புவலி என்று போனேன். டாக்டரைக் கேட்காமல் கொடுக்கலாமா என்றும் கேட்டேன். "எல்லாரும் போடுறதுதாண்ணே" என்று ஒரு பட்டை வலி மாத்திரையைக் கையில் திணித்தான். சில நாளில் சிறுநீர் நின்றே போய் ஆஸ்பத்திரியில் படுத்தேன். இன்னும் கெட்டால் டயாலிசிஸ்தான் என்றார் டாக்டர். அன்றிலிருந்து இன்றுவரை அவன் தலையில் நான் கத்திரி வைத்ததில்லை. எதிர்த்த தெருவில் போய் அசிங்கமாக வெட்டிக்கொண்டு வருகிறான், வரட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே நேராக அவன் கடைக்குப் போய், ஏண்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். டீ கிளாஸைக் கீழே வைக்காமல் சொன்னான்: "இடுப்புவலி போச்சா இல்லையா, அதச் சொல்லுங்க மொதல்ல."

நெட்டில் படித்த வைத்தியம்

கிட்னியைக் காப்பாற்ற டாக்டர் ஈரல் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். ஈரல் தாங்குமா என்று பார்க்க ரத்தம் டெஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டு, ரிசல்ட்டுக்காகக் காத்துக்கொண்டு நான் கடையில் நிற்கிறேன். நாற்காலியில் ஒரு சாஃப்ட்வேர் பையன். "மாத்திரையே வேணாம் அங்கிள், நெட்ல படிச்சேன். சுத்தமா நிறுத்திட்டு வாழைத்தண்டு ஜூஸ் குடிங்க" என்றான். சாப்பாடு கொண்டுவந்த செல்வி தூக்கை வைத்துவிட்டு அவன் எதிரில் போய் நின்றாள்: "இவரு ஈரலா இருந்தா நீங்க சொல்றத யோசிக்கலாம் தம்பி. உள்ள இருக்கறது என்னோடது, நான் நிறுத்தச் சொல்லல."

ஈரல் தாங்கியது, கிட்னியும் டயாலிசிஸ் வரை போகாமல் பாதியாவது மிஞ்சியது, உப்பையும் கோபத்தையும் குறைக்கச் சொன்னார் டாக்டர், உப்பைக் குறைத்துவிட்டேன்.