வெட்டிய காசின் மறுபாதி

போன வருஷம் ஆடி மாதம் நடந்தது இது. பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் ஊர். அந்த ஊராட்சிக்கு நான்தான் செயலர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். பதிவேட்டில் என் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கர்வம் வரும். அதை மறைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

ஆடிக்கு முன்னால், மாசியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வயரை அறுத்து, உள்ளே இருக்கும் செம்பை எடுத்து விற்பது எங்கள் பக்கம் அப்போது அதிகமாகியிருந்தது. ஒரு காலையில் எங்கள் போர்வெல் வயரும் போயிருந்தது. காய் பிடித்து நின்ற தக்காளிச் செடிகள் நாலே நாளில் தலை தொங்கிவிட்டன.

பொருள் களவு போனால் போலீசுக்குப் போகும் முன்பே எங்கள் ஊரில் காசு வெட்டிப் போடுவார்கள். ஊர்க் குட்டையை ஒட்டி நிற்கும் முனியப்பன் கல்லின் முன்னால் ஒரு நாணயத்தை உளியால் இரண்டாக வெட்டி, எடுத்தவனைச் சபிக்க வேண்டும். ஒரு பாதியை இடப்பக்கப் புதரிலும் மறுபாதியை வலப்பக்கப் புதரிலும் வீசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பாதிகள் இரண்டும் சேராதவரை சாபம் நிற்கும் என்பார்கள்.

அம்மா உளியை என்னிடம் நீட்டினார். "நீயே வெட்டு கண்ணு. படிச்ச புள்ள சொன்னா ஆபீசே கேக்குது, சாமி கேக்காதா?"

சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன். பர்ஸில் இருந்தது ஒரே ஒரு பத்து ரூபாய் நாணயம். செல்லாது, செல்லாது என்று கடைக்காரர்கள் திருப்பித் தந்துகொண்டே இருந்த காசு. முதல் அடியில் உளி வழுக்கியது. இரண்டாம் அடி அடிக்கும்போது தொங்கிப்போன செடிகள் கண்ணுக்குள் வந்தன. சிரிப்பு நின்றுவிட்டது. "எடுத்தவன் கை வெளங்காம போவட்டும்" என்று சொன்னது என் குரல்தானா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம். வலப்பக்கம் வீசிய பாதி புதர்வரை போகவில்லை. கல்லில் பட்டு, அதன் அடி இடுக்கில் 'டிங்' என்று விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

மே தினக் கிராம சபையில் நான் ஒரு தீர்மானம் எழுதினேன். குறைந்த மதிப்புள்ள பொருளை முதல் தடவை திருடி, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டவருக்குச் சிறைக்குப் பதில் சமூக சேவை தரலாம் என்று புதிய சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் ஊராட்சி வேலை கொடுக்கும், கஞ்சாப் பொட்டலத்தோடு முதல் தடவை பிடிபடுகிறவர்களுக்கும் சட்டத்தைத் திருத்தி இதையே தர வேண்டும் என்று எழுதி, எழுந்து நின்று வாசித்தேன்.

"நூறு நாள் வேலையே நமக்கு ஒழுங்கா வரல, திருடனுக்கு வேலையா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். கூட்டம் சிரித்தது.

"என் வூட்டு ஆட்ட அவுத்துக்கிட்டுப் போனவன் வந்து என் வாசலக் கூட்டுவானா பாப்பா?" என்றார் ஒரு அம்மா. "அப்படின்னா சொல்லு, இப்பவே கை தூக்கறேன்."

சின்னத் தப்புக்கு ஜெயிலுக்குப் போகிறவன் பெரிய தப்பைக் கற்றுக்கொண்டு வருவான், தண்டனைக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும் என்று பேசினேன். கை தட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது. அதன் கீழே என் அம்மாவும் கைநாட்டு வைத்தார். மாசியில் வெட்டிய காசு எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை.

ஆடி பிறந்ததும் நீதிமன்றம் முதல் ஆளை அனுப்பியது. முப்பது வயது இருக்கும். பக்கத்து ஊராட்சியில் மோட்டார் வயர் திருடிப் பிடிபட்டு, அதைத் திருப்பிக் கொடுத்தவர். முப்பது நாள் வேலை. குட்டைக் கரையில் மண்டிக் கிடந்த முள்ளை வெட்டிச் சுத்தம் செய்யச் சொன்னேன். வருகைப் பதிவேட்டில் அவர் இடது கையால் கையெழுத்துப் போட்டார். வலது கை துண்டுக்குள் இருந்தது.

"அந்தக் கைக்கு என்ன?" என்று கேட்டேன்.

"வெரலு மடங்கிக்கிச்சுங்க மேடம். தருமபுரி பெரியாஸ்பத்திரி வரைக்கும் காட்டியாச்சு. நரம்புங்கறாங்க, ஒண்ணுமில்லைங்கறாங்க."

"எப்போதிருந்து?"

"மாசிலருந்துங்க."

பேனா என் கையில் அப்படியே நின்றது. கரண்ட் அடித்திருக்கும், வயர் அறுக்கும்போது நரம்பு வெட்டுப்பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவள் அல்லவா.

இருபது நாள் போயிருக்கும். உச்சிவெயிலில் வேலையைப் பார்க்கக் குட்டைக்குப் போனேன். ஆடிக் காற்றில் ஊரே பறந்துகொண்டிருந்தது. குட்டை மேட்டில் ஏறியதும் காற்று நின்றுவிட்டது. புளியமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை, ஒரு காக்கைகூட இல்லை. கிணுக், கிணுக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

முனியப்பன் கல்லின் முன்னால் அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே துண்டு விரித்திருந்தது. அது நிறைய அரைக் காசுகள். துருப்பிடித்தவை, கறுத்துப்போனவை, எங்கள் அப்பா காலத்துக்கும் முந்தியவை. முள் வெட்ட வெட்டக் கிடைத்தவற்றையெல்லாம் சேர்த்து வைத்து, ஒரு பாதியை எடுத்து இன்னொன்றோடு பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பொருந்திய ஜோடிகள் ஒரு பக்கம் வரிசையாக இருந்தன.

"என்ன செய்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் திரும்பாமலே பேசினார். "எது என் பேருல வெட்டுனதுன்னு தெரியலைங்க மேடம். அதான் எல்லாத்தையும் சேக்கறேன். எத்தன பேரு கையோ."

"எங்க ஊர்லயும் எடுத்தீங்களா?"

"அதச் சொன்னா முப்பது நாளு நூறு நாளாயிடுமேங்க" என்று லேசாகச் சிரித்தார். பிறகு துண்டின் ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். வெளியே மஞ்சள் வளையம், உள்ளே வெள்ளை. கோணலாக வெட்டுப்பட்ட பத்து ரூபாய். "இது ஒண்ணுதான் வேற மாதிரி. எல்லாரும் ஒரு ரூவா, நாலணா வெட்டிருக்கறாங்க. இவங்களுக்கு ரொம்பக் கோவம் போல."

அந்தப் பாதியைத் திரும்பத் துண்டிலேயே வைத்தார்.

"இதுக்கு மட்டும் மறுபாதி கெடைக்கலைங்க. கோர்ட்டுல முப்பது நாளுன்னாங்க, முடிஞ்சா நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பிருவீங்க. இதுக்கு யாருங்க கையெழுத்துப் போடுவாங்க?"

மேட்டிலிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. அன்று ராத்திரி அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "வயரு இன்னும் வரலியே, அதுக்குள்ள நீ எதுக்கு உருகற?" என்றார். விளக்கை அணைக்கப் போகும்போது அவராகவே, "வெட்டுனவங்களே சேத்து வெச்சு, மஞ்சத் தண்ணி ஊத்தி, விட்டுட்டேன்னு சொல்லோணும். வேற யாரு சொன்னாலும் செல்லாது" என்றார்.

மீதிப் பத்து நாளும் ஒவ்வொரு காலையும் அவர் பதிவேட்டில் இடது கையால் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு காலையும் நான் சொல்ல வாயெடுத்தேன். செயலர் மேடம் காசு வெட்டினாள் என்று ஊர் சிரிக்குமே என்ற ஒரே எண்ணம் வாயை அடைத்தது.

முப்பதாவது நாள் முடிப்புச் சான்றில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தேன். அவர் வாங்கிக்கொண்டு கும்பிட்டார், ஒற்றைக் கையால். அதைப் பார்த்த பிறகு உட்கார முடியவில்லை. தண்ணீர் பாட்டிலில் மஞ்சளைக் கரைத்து எடுத்துக்கொண்டு, "என்னோட வாங்க" என்றேன்.

குட்டை மேட்டில் அன்றும் காற்று இல்லை. நான் எங்கும் தேடவில்லை. நேராகக் கல்லின் வலப்பக்கம் போய்க் குனிந்து, அடியில் இருந்த இடுக்கில் கையை விட்டேன். உள்ளே குளிர்ந்து கிடந்தது. வெளியே எடுத்தபோது மஞ்சள் வளையம் வெயிலில் மின்னியது.

"எங்க கெடக்குதுன்னு உங்களுக்கு எப்பிடிங்க..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். என் கையில் இருந்த பாதியைப் பார்த்தார். "தீர்மானம் எழுதுனதும் நீங்கதான்னு சொன்னாங்களே மேடம்."

நான் கையை நீட்ட, அவர் துண்டில் முடிந்து வைத்திருந்த மறுபாதியை எடுத்துத் தந்தார். இரண்டு பாதியையும் கல்லின் மேல் சேர்த்து வைத்தேன். கோணல் விளிம்புகள் இடைவெளியே இல்லாமல் பொருந்தின. மஞ்சள் தண்ணீரை ஊற்றி, "விட்டுட்டேன்" என்றேன். தலைக்கு மேல் புளியமரம் ஒரு தரம் சலசலத்து அடங்கியது. ஆடி மாதம், காற்று அடிப்பது வழக்கம்தான்.

அவர் சாலைக்கு நடந்து, வந்த பஸ்ஸில் ஏறினார். எந்தக் கையால் கம்பியைப் பிடித்தார் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பி நின்றுகொண்டேன். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை.

இப்போதும் நீதிமன்றம் அனுப்புகிற யாருடைய பதிவேட்டிலாவது 'நாட்கள் முடிந்தன' என்று எழுதும்போது பேனா ஒரு நொடி நிற்கிறது: அவருடைய தண்டனைக்கு நீதிமன்றம் முப்பது நாளில் முடிவு வைத்திருந்தது, நான் அவருக்கு விதித்த முடிவே இல்லாத தண்டனையைத் திரும்பப் பெற ஒரு சொல் சொல்ல எனக்கும் அதே முப்பது நாள் ஆனது.