நெஞ்சைக் கழுவும் கொழுப்பு

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்குகிறவர்கள் வீட்டு அடுப்புக்குத் தனிச் சட்டம் உண்டு. நெஞ்சில் படிகிற வெடிமருந்துத் தூசியைக் கொழுப்புதான் வழித்துக்கொண்டு வெளியே போகுமாம். யார் சொன்னது என்று கேட்டவரும் இல்லை, கேட்டால் சொல்ல ஆளும் இல்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் வள்ளித்தாய்க்கு இதைச் சொன்னவள் பக்கத்து வீட்டு முருகேஸ்வரி. வள்ளித்தாயின் புருஷன் சங்கிலிமுத்து அப்போதுதான் மருந்து ரூம் வேலைக்கு மாறியிருந்தார். சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது காது மடல் வரைக்கும் அலுமினியப் பவுடர் மின்னும். அவர் இருமினால் இவள் வெந்நீரோடு ஓடிவருவாள். கம்பெனி வெடித்தால் தடுக்க இவள் யார்? தூசியிலிருந்தாவது மனுஷனைக் காப்பாற்றிவிடலாம் என்று கச்சைகட்டி இறங்கிவிட்டாள்.

அவளோ மல்லாங்கிணற்றில் கூலிக்குக் களையெடுத்த குடும்பம். கறியைத் தீபாவளிக்குத்தான் கண்ணில் பார்த்தவள். பிரியத்தைக் காட்ட அதைவிடப் பெரிய பொருள் அவளுக்குத் தெரியாது. சங்கிலிமுத்துவுக்குக் கொழுப்பென்றாலே குமட்டும். அவள் விட்டால்தானே? பக்கத்தில் உட்கார்ந்து தாஜா பண்ணித் தின்னவைப்பாள். காலையும் மாலையும் ஆடையோடு எருமைப்பால். சம்பளம் போடும் சனிக்கிழமை ஆட்டுக் கொழுப்பு வதக்கல், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. வருஷங்கள் ஓட, அவருக்கும் நாக்கு பழகிப்போனது. உடம்பும் பூரித்தது. தெருவே வள்ளித்தாயின் கைராசியை மெச்சியது, அவளும் நம்பித் தொலைத்தாள்.

அப்புறம் படியேறினால் அவருக்கு மூச்சு முட்டியது. தூசி கெட்டிப்பட்டுவிட்டது என்று வள்ளித்தாய் கொழுப்பைக் கூட்டினாள். ஊரில் நடந்த மருத்துவ முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்த நர்சம்மா, கறியைக் குறைங்க, பாலில் ஆடையை எடுத்துருங்க என்று தன்மையாகத்தான் சொன்னது. மருந்து ரூமுக்குள் ஒருநாள் நின்று பார்த்தால் தெரியும் என்று வள்ளித்தாய் வழிநெடுகத் திட்டிக்கொண்டு வந்தாள்.

சீசன் மும்முரத்தில் ஒரு மத்தியானம் கம்பெனி ஆள் வாசலில் வந்து நின்றபோது அவளுக்கு உயிரே போய்விட்டது. கம்பெனி வெடிக்கல அக்கா, அண்ணனுக்கு நெஞ்சுவலிதான் என்றான் அவன். அப்பாடா என்று மூச்சு விட்டாள். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசும்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ரத்தக்குழாயில் இருந்த அடைப்பைப் படத்தில் காட்டினார். பீடி கிடையாது, சர்க்கரை கிடையாது. என்னதான் சாப்பிடுவார் என்று கேட்டார். வள்ளித்தாய் பெருமையாகவே சொன்னாள். டாக்டர் படத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"மூச்சுல போற தூசி நுரையீரலுக்குப் போகுதும்மா. தின்னது வயித்துக்குப் போகுது. ஒண்ணை ஒண்ணு கழுவாது. இந்தக் கொழுப்பு ரத்தத்துல சேர்ந்துதான் அடைச்சிருக்கு. இன்னொரு தடவை வந்தா தாங்காது."

அன்றோடு வீட்டில் கறி நின்றது. பாலில் ஆடை போனது. ஆனால் சங்கிலிமுத்து மறுபடி மருந்து ரூமுக்கே போனார், வேறு வேலையில் அந்தக் கூலி வராது. கீரையும் மோரும் வைத்தால் அவளை ஒரு மாதிரி பார்ப்பார். உடம்பு விழுந்ததும் பெண்டாட்டிக்குத் தான் இளப்பமாகிவிட்டதாக அவர் முருகேஸ்வரி புருஷனிடம் சொன்னது இவள் காதுக்கும் வந்தது. தூங்கும் மனுஷனின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதே அவளுக்கு வேலையாகிப்போனது.

ஒரு சனிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டு புரோட்டாக் கடையில் அவரைப் பார்த்துவிட்டாள். இலையில் கொழுப்பு வதக்கல் பளபளத்தது. வேகமாகப் போய் எதிரே உட்கார்ந்தாள். கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"வேண்டாங்க. நான் தெரியாமச் சொல்லிட்டேன். இது நெஞ்சைக் கழுவாதுங்க."

அவர் மென்றுகொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு ஆசையாச் சொன்ன. இன்னைக்குப் பயந்துபோய்ச் சொல்லுத. நான் எதத்தான் நம்ப?"

கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. மிச்சத்தை வழித்து வாயில் போட்டுக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு அவர் ஏறிப் போனார்.