எண்ணெய்த் தலை

வசுமதிக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. கல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் வீட்டில் நின்றபடியே சாப்பிடுவாள். அலிப்பூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போதும் பாதம் தாளம் போட்டுக்கொண்டே வரும். அவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள், மற்றவர்களை ஆடாமல் அசையாமல் இருக்கச் சொல்வது!

தலையில் எலெக்ட்ரோடுகளை ஒட்டி, காதில் ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுப்பாள். நடுவே எப்போதாவது வேறொரு சத்தம் வரும். அந்த வித்தியாசத்தை மூளை கண்டுகொண்டால் கம்ப்யூட்டர் கோட்டில் சின்னதாக ஒரு பள்ளம் விழும். நினைவில்லாமல் கிடப்பவருக்குக்கூட விழலாம். தலையில் எண்ணெய் இருந்தால் மட்டும் எதுவும் சரியாகப் பதியாது. எண்ணெய்த் தலையோடு வருகிறவர்களை இருபத்திரண்டு வருஷமாக அவள் கரித்துக்கொட்டாத நாளில்லை.

இன்று படுத்திருந்தவர் அவள் கணவர் வெங்கடநாராயணன். பாங்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து பத்தொன்பது நாளாகிறது, இன்னும் கண் திறக்கவில்லை. மனுஷர் திரும்பி வருவாரா? அவளுக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டும்.

ஒட்டியதெல்லாம் சரியாகப் பிடிக்காமல் திரையில் சிவப்பாகவே நின்றது. கூட வேலை பார்க்கும் பெங்காலிப் பெண் மேக்னா, வசுமதியை அக்கா என்ற அர்த்தத்தில் 'திதி' என்றுதான் கூப்பிடுவாள். அவர் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"திதி, இவருக்கு யார் எண்ணெய் வெச்சது?"

வசுமதியின் முகம் சுண்டிப்போயிற்று. தினமும் காலையில் உச்சந்தலையில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய். அவருக்குச் சூடு ஆகாது.

"நான்தான்டி."

மூன்று தடவை ஷாம்பூ போட்டுத் துடைத்தாள். சிவப்பு பச்சையானது. சத்தம் ஆரம்பித்ததும் அவள் பாதம் கட்டில் காலைத் தட்டத் தொடங்கியது.

"திதி, வெளியில போங்க. கட்டிலே ஆடுது."

அந்தக் கண்டிப்பும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். நாற்பது நிமிஷம் வராந்தாவை அளந்தாள். டீ வாங்கினாள், குடிக்கவில்லை.

மேக்னா கூப்பிட்டாள். கோட்டில் பள்ளம் இருந்தது. சின்னதுதான், ஆனால் இருந்தது.

"சத்தத்தோட வித்தியாசம் தெரியறது, அவ்வளவுதான். எழுந்துடுவார்னு அர்த்தமில்லே." எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறாள்! இன்று அதைத் தனக்கே சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்டால்தானே? அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். வசுமதி கணவர் காதருகே குனிந்தாள்.

"ஏன்னா, வெள்ளிக்கிழமை வரைக்கும் எண்ணெய் கிடையாது. சூடு தாங்கலேன்னா நீங்களே எழுந்து கேளுங்கோ."