அசையாத எண்

நாயைக் கண்டால் பயம், வழுக்கும் படியைக் கண்டால் பயம், மேலதிகாரி தொண்டையைச் செருமினால் பயம். தண்ணீர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் மீட்டர் பார்த்த அந்த மனிதருக்கு இதெல்லாம் பழகிப்போன பயங்கள். சட்டைப்பையில் பேனா இருப்பது போல எப்போதும் கூடவே இருக்கும். புதிதாக ஒரு பயம் வந்தது ஒரு எண்ணால்.

மூன்று மாடிக் கட்டடம் ஒன்று. கீழே படிக்கட்டுக்கு அடியில் வரிசையாகப் பன்னிரண்டு மீட்டர்கள். மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் தனியாக இருந்தார். அந்த மாதம் அவருடைய மீட்டர் ரொம்பக் கொஞ்சமாகத்தான் ஓடியிருந்தது. வெளியூர் போயிருப்பார் என்று நினைத்து, இவர் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். பத்து நாள் கழித்து அந்த வாசலில் போலீஸ் வண்டி நின்றது. இறந்து ஒரு வாரம் இருக்கும் என்று டாக்டர் சொன்னதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

இவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பத்தில் ஏழு போனால் மூன்று. தான் கீழே நின்று எண்ணைக் குறித்த அன்று, மேலே அந்த மனிதர் எழ முடியாமல், ஆனால் உயிரோடு இருந்திருக்கிறார்.

யாரும் இவரைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அதன்பிறகு குறைவாக ஓடிய மீட்டரைப் பார்த்தால் மறுபடி ஒருமுறை எண்ணைச் சரிபார்ப்பார். மாடியேறிக் கதவைத் தட்டாமல் அவரால் நகர முடியவில்லை. தட்டிவிட்டு, திறக்கிறவரை வாசலிலேயே நிற்பார்.

"ஏன்யா, தண்ணிய சிக்கனமா செலவு பண்ணா அதுக்கும் விசாரணையா?" என்று வீட்டுக்காரர்கள் எரிந்து விழுந்தார்கள். சக ஊழியர்கள் 'கதவுத்தட்டி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கடைசியில் எழுத்தில் புகார் போனது. பொறியாளர் அம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

வேலை போயிற்று என்றே நினைத்துக்கொண்டு போனார். ரயில் ஓட்டுநரின் கதையை ஒருவழியாகச் சொல்லி முடித்தார். பொறியாளர் புகார்க் கடிதத்தை மடித்து வைத்தார்.

"அடுத்த மாசம் உங்க பகுதி முழுக்க புது மீட்டர் மாட்டறோம். எண் தானா ஆபீசுக்கு வந்துடும். உங்கள மாதிரி ஆறு பேருக்கு என்ன வேலை குடுக்கறதுன்னு நானே முழிச்சிட்டு இருந்தேன்."

"மேடம்..."

"இங்க தனியா இருக்கறவங்க வருஷா வருஷம் கூடிக்கிட்டே போறாங்க. சம்மதிச்சு கையெழுத்து போட்டவங்க வீட்டு எண்ணை மட்டும் காலைல பத்து மணிக்குப் பாப்போம். தண்ணி ஓடலைன்னா போன். எடுக்கலைன்னா நீங்க நேர்ல போவீங்க."

"வேற யாரையாவது போடுங்க மேடம். எனக்கு ரொம்பப் பயம்."

"தெரியுது. அதனாலதான் ஒரு தட்டு தட்டிட்டுத் திரும்பி வந்துட மாட்டீங்க."

முதல் பத்து வீடுகளில் ஒன்றும் விபரீதமில்லை. ஒருவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். இன்னொருவர் குளிருக்குப் பயந்து போர்வையை விட்டு எழவில்லை. ஒரு பெரியம்மா தங்கையோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் அலுவலகத்து அழைப்பை எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஆள் நலம் என்று தெரிந்த பிறகுதான் இவர் அங்கிருந்து நகர்வார்.

பதினொன்றாவது வீடு ஒரு தையல்கார அம்மாவுடையது. கடைத்தெருவுக்குப் பின்னால் தரைத்தளத்தில் ஓர் அறை, ஒரு சமையலறை. முந்தின நாள் மாலை ஏழு மணியிலிருந்து எண் அசையவில்லை. இவர் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. தட்டினார். மறுபடி தட்டினார். உள்ளே சத்தமே இல்லை. மாற்றுச் சாவி வைத்திருந்த எதிர்வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார்.

என்ன செய்வதென்று தெரியாமல் மனைவிக்குப் போன் செய்தார்.

"என்னங்க, வேலை நேரத்துல போன்?"

"கதவு திறக்க மாட்டேங்குது."

"அதுக்கு நான் என்ன பண்றது? பின்னாடி ஜன்னல் இருக்கான்னு போய்ப் பாருங்க. பாத்துட்டுப் பேசுங்க."

இருந்தது. முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். தையல் மெஷின், சரிந்து கிடந்த நாற்காலி, துணிக்குவியல். குவியலுக்கு அப்பால் தரையில் ஒரு பாதம். செருப்பு பாதி கழன்றிருந்தது. பாதம் அசையவில்லை.

அவர் ஓடினார். உதவிக்கு ஆள் கூப்பிட ஓடவில்லை. சும்மா, அந்தப் பாதத்தைவிட்டு ஓடினார். இருபது அடி போயிருப்பார், சந்து முனையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ரயில் ஓட்டுநரின் முகத்தை அவர் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அந்த மூன்று நாட்கள் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டன.

அங்கிருந்தே ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். திரும்பி வந்து, மீட்டர் பெட்டி திறக்கும் இரும்புக் கம்பியால் கண்ணாடியை உடைத்தார். கொக்கியைத் தூக்கிவிட்டு உள்ளே இறங்கும்போது முழங்கை கிழிந்தது தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் அந்தக் காலைத் தொட்டார்.

சூடாக இருந்தது.

"யாரு?" என்று துணிகளுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. இவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"தண்ணி ஆபீஸ்மா."

"குழாய்ல தண்ணி நல்லாத்தானே வருது... நான் ஒண்ணும் புகார் குடுக்கலையே."

"இல்லம்மா, இது வேற விஷயம். நீங்க அசையாதீங்க."

இடுப்பெலும்பு முறிந்து, ராத்திரி முழுக்க அப்படியே கிடந்திருக்கிறார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுக்கலாமா கூடாதா என்று இவருக்குத் தெரியவில்லை. கைக்குட்டையை நனைத்து உதட்டில் ஒற்றினார். அந்த அம்மா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வர பதினான்கு நிமிடம் ஆனது.

தையல்கார அம்மா ஏழு வாரத்தில் ஊன்றுகோலோடு வீடு திரும்பினார். அலுவலகத்தில் கைதட்டினார்கள், மற்றப் பகுதிகளுக்கும் இந்தச் சேவை போயிற்று. இவரோ அவரை மீட்ட அன்று சாயங்காலமே வேறு பிரிவு கேட்டு ஒரு கடிதம் எழுதினார். இருபது அடி ஓடியதை மனைவியிடம் மட்டும் சொன்னார். மனைவி அவர் முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டே, "நானா இருந்தா வீட்டுக்கே ஓடி வந்திருப்பேன்," என்றார்.

மறுநாள் கடிதத்தோடு போனார். பொறியாளர் கூட்டத்தில் இருந்தார். காத்திருக்கும்போதே பத்து மணி ஆகிவிட்டது. எண் அசையாத வீடுகளின் பட்டியலில் ஒரே ஒரு வீடு. போனை எடுக்கவில்லை. இதே வேலையில் இருந்த மற்ற ஐந்து பேரும் அதற்குள் வேறு வேறு வேலையாகக் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

அந்த வீட்டிலும் அவர்தான் போய்த் தட்டினார். அங்கே கதவை உடைக்க வேண்டியிருந்தது. அங்கே தாமதமாகிவிட்டிருந்தது. அங்கே தொட்ட கால் சில்லென்று இருந்தது. போலீஸ் வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், ஓடவில்லை. பிறகு தெருமுனைக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

கடிதத்தைக் கொடுக்கவே இல்லை; இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறார். நாலு வருடம் ஆகிறது. காலையில் ஒன்பதரை தாண்டினால் இப்போதும் அவருக்குச் சாப்பாடு இறங்காது.