இருபத்தேழாம் பக்கத்தில் ஒரு புள்ளி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி அக்காவின் கணவர், எங்கள் மாமா, என்னிடம் கேட்டபோது, வீட்டில் எழுதப் படிக்க நேரமில்லாதவள் நான் ஒருத்திதான் என்று சொல்லிப் பார்த்தேன். மாமா விடவில்லை. துக்க வீட்டிலும் பதினாறாம் நாளிலும் நான் அழவில்லை என்பதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். இன்றுவரை அழவில்லை. ஏன் என்று எனக்கும் தெரியவில்லை.

அக்கா காட்டுமன்னார்கோயிலை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். அப்பா நெல் அரவை மில்லில் கணக்கெழுதினார். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அப்பா காலமானார். கல்லூரி இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டு அக்கா வேலைக்குப் போனார். அண்ணாமலை நகரில் ஒரு மாணவர் விடுதியின் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. என்னைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அந்தச் சம்பளம்தான். கடலூரில் வாழ்க்கைப்பட்ட பிறகும் வேலையை விடாமல், ஓய்வுபெறும்வரை தினமும் பாசஞ்சர் ரயிலில் போய்வந்தார். போகும்போது ஒரு புத்தகம், வரும்போது வேறொன்று. ஆண்டு முடிவில் அறையைக் காலி செய்யும் மாணவர்கள் விட்டுப்போன புத்தகங்கள்தாம் பெரும்பாலும். எடைக்குப் போக இருந்தவற்றை அக்கா பையில் போட்டுக்கொண்டு வருவார். அலமாரி நிரம்பிக் கட்டிலுக்கு அடியிலும் சேர்ந்தது. கட்டிலில் தனக்கு எப்போது இடம் போகும் என்று தெரியவில்லை என்பார் மாமா.

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. வாடகை நூலகக் காலத்தில், ஏற்கெனவே படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துவிடாமல் இருக்க வாசகர்கள் ஏதாவது ஒரு பக்கத்தில் அடையாளம் வைப்பார்களாம். அக்காவின் அடையாளம் இருபத்தேழாம் பக்கத்தில், பக்க எண்ணுக்குக் கீழே, ஒரு சிறிய பென்சில் புள்ளி. புத்தகத்தைக் கடைசி வரி வரைக்கும் முடித்த பிறகுதான் அதை வைப்பார்.

"ஏன்க்கா இருபத்தேழு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுக்குள்ள புடிச்சிப்போச்சின்னா முடிச்சிடுவோம் பாப்பா. புடிக்கலன்னா மூடி வச்சிடலாம். புள்ளி வச்சா வச்சதுதான், அதுல பொய் இருக்கக் கூடாது."

ஓய்வுக்குப் பிறகு, கடலூரில் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தின் வாசகர் வட்டத்தார், சைக்கிள் நிறுத்திய பழைய கொட்டகையில் ஒரு பழைய புத்தகக் கடை திறந்தார்கள். நூலகம் கழித்துக் கட்டியவையும் பொதுமக்கள் கொடுத்தவையும் அங்கே விற்பனைக்கு வரும். சம்பளம் கிடையாது. செவ்வாயும் சனியும் அக்கா ஒன்பது மணிக்கே போய் வாசலில் நிற்பார். "சம்பளம் வாங்குன ஆபீசுக்கே இவ இவ்ளோ சீக்கிரம் போனதில்ல" என்பது மாமாவின் குற்றச்சாட்டு.

வரும் புத்தகம் எதையும் அக்கா அப்படியே அடுக்கமாட்டார். துணியால் துடைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒவ்வொரு தாளாகத் தள்ளிப் பார்ப்பார். உள்ளே என்னென்னவோ கிடைக்கும். ஜாதகக் குறிப்பு, மொட்டை போட்ட குழந்தையின் படம், தேர்வு நுழைவுச்சீட்டு, தலைவலி மாத்திரை. ஒவ்வொன்றையும் உறையில் போட்டு, புத்தகம் கொடுத்தவர் பெயரை எழுதி, ஆளைத் தேடித் திருப்பிக் கொடுப்பார். வாங்க வருபவர்களிடமும் சும்மா இருக்கமாட்டார். "இது உங்களுக்கு வேணாம் சார், பாதியிலயே தூக்கம் வந்துடும்" என்று விற்கவேண்டிய புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு வேறொன்றை நீட்டுவார். உடன் வேலை பார்த்த ஸ்டெல்லா டீச்சர் தலையில் அடித்துக்கொள்வாராம்.

இனி என் கதை. சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதைப் படி எடுத்துக் கொடுக்கிறேன், ஒரு வரி படிப்பதில்லை. கடலூருக்குப் போகும்போதெல்லாம் மஞ்சப்பையில் ஒரு புத்தகம் வைத்துக் கொடுப்பார் அக்கா. "படிச்சிட்டுப் புள்ளி வை, என் புள்ளிக்குப் பக்கத்துலயே." அடுத்த முறை போகும்போது, பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும் பையிலிருந்து புத்தகத்தை எடுப்பேன். இருபத்தேழாம் பக்கத்தைத் திறந்து புள்ளி வைப்பேன். மூடிவிடுவேன். இப்படி ஏழு புத்தகங்கள்.

"முடிச்சிட்டியா? எப்பிடி இருந்துச்சி?"

"நல்லா இருந்துச்சிக்கா."

"கடைசியில?"

"கடைசியிலயும் நல்லாத்தான் இருந்துச்சி."

அக்கா "ம்" என்பார். புத்தகத்தைக் கையில் எடுத்து ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு டீ போடப் போவார். ஏழாவதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி கொடுத்தார். சிறுநீரகம் செயலிழந்து, கை வீங்கியிருந்தது. அதிலும் பஸ்ஸில்தான் புள்ளி வைத்தேன். அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கையாலேயே தள்ளிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அங்கே டீ போட வழியில்லை. அதற்கு நான்காம் நாள் காலையில் போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் மாமா, "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடும்மா, பாக்க முடியல" என்றார். பதினான்கு சாக்குகளில் கட்டி, குட்டி யானை வண்டியில் ஏற்றி, அந்தக் கடைக்கே அனுப்பிவைத்தேன். ஒரு புத்தகத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. அக்காவின் தங்கை ஒரு தாளையும் தள்ளிப் பார்க்காமல் அனுப்பினாள் என்று யாராவது சொன்னால் மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. வேலை நடந்தது, அவ்வளவுதான். கை செய்தது, நான் அங்கே இல்லை.

பிறகு வந்த நாட்களில் ஒரு கேள்வி மட்டும் இருந்தது. நான் வைத்தது பொய்ப் புள்ளி என்று அக்காவுக்குத் தெரியுமா? தெரியாமல் போயிருந்தால், தங்கை படிக்கிறாள் என்ற நிம்மதியோடு போயிருப்பார். அப்படியே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஸ்டெல்லா டீச்சர் போன் செய்தார். "அக்கா சாக்கெல்லாம் அவுங்க மாதிரியே ஒண்ணொண்ணா தள்ளிப் பாத்துட்டு வரேம்மா. ஏழு புக்ல சீட்டு இருக்கு. 'பாப்பா'ன்னு பேரு போட்டிருக்கு. உங்களத்தான அப்பிடிக் கூப்புடுவாங்க?"

போனேன். ஏழு புத்தகங்களையும் தனியாக எடுத்து வைத்திருந்தார். "சீட்ட நான் எடுக்கல. எந்தப் பக்கத்துல இருந்துச்சோ அங்கயே இருக்கு."

விடுதி அலுவலகத்தின் பழைய விண்ணப்பத் தாளைக் கிழித்து, அக்கா பின்பக்கம் எழுதி, தாளோடு தாளாக உள்மடிப்புவரை தள்ளி வைத்திருந்தார். எல்லாம் பாதிக்கு மேல். முதல் புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். "பாப்பா, இங்க வந்துட்டியா? உடனே எனக்கு ஒரு போன் போடு. இந்த எடத்தப் பத்தி யார்கிட்டயாவது பேசியே ஆவணும்." அடுத்தவற்றிலும் ஏறக்குறைய அதுவேதான். ஆறாவதில், "அவசரம் இல்ல. வந்தா போன் பண்ணு." ஏழாவதில் எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. "இந்தத் தடவையாச்சும் புள்ளியக் கடைசியா வை."

முதல் புத்தகத்திலிருந்தே அக்காவுக்குத் தெரியும். ஏழு முறையும் தள்ளிப் பார்த்து, சீட்டு வைத்த இடத்திலேயே இருப்பதைக் கண்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். படிப்பு எனக்கு முக்கியமென்று கொடுக்கவில்லை. பேச ஆள் வேண்டியிருந்தது.

"டீ சொல்லட்டுமா?" என்றார் ஸ்டெல்லா டீச்சர். சொல்லச் சொன்னேன். குடித்தேன். சர்க்கரை ஜாஸ்தி என்று மட்டும் தோன்றியது.

அக்காவின் கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் உடனிருந்த மாமாவுக்கும், லீவு போட்டு ஓடிவந்த மகனுக்கும் மருமகளுக்கும், ரத்தம் கொடுத்த விடுதி ஊழியர்களுக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், முகம் சுளிக்காத செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் இடத்தில் செவ்வாயும் சனியும் துடைத்து அடுக்கும் ஸ்டெல்லா டீச்சருக்குத் தனியாக ஒரு நன்றி. உங்கள் வீட்டில் கொடுக்கவேண்டிய புத்தகம் இருந்தால் அந்தக் கொட்டகைக்குக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிடுங்கள்.

இதை எழுதும்போது முதல் புத்தகம் என் கடை மேசையில் இருக்கிறது. ஆரம்பிப்பதற்கு முன் ரப்பரை எடுத்து, இருபத்தேழாம் பக்கத்தில் அக்காவின் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்த என் புள்ளியை அழித்தேன். இப்போது எழுபதாம் பக்கம் வந்திருக்கிறேன். சீட்டு இருக்கும் இடத்துக்கு இன்னும் நாற்பத்திரண்டு பக்கம். அங்கே போனதும் போன் போடச் சொல்லி அக்கா எழுதியிருக்கிறார்.